காய்ந்த எச்சம்

வேதியியல் பேராசிரியராக ஓய்வு பெற்ற நான், அறுபத்தெட்டாம் வயதில், பொம்மசந்திராவில் எலி, புறா, குரங்குத் தொல்லைகளைக் கட்டுப்படுத்தும் தொழிற்பயிற்சி ஒன்றில் சேர்ந்தேன். உடன் பயின்றவர்களில் ஒருவர் முன்பு ஆட்டோ ஓட்டியவர். முதல் நாளே கேட்டார்.

“பெருசு, ஏணி ஏறுவீங்களா, இல்ல கீழ புடிச்சிக்கினு நிப்பீங்களா?”

“ஏறுவேன். நீங்க புடிச்சிக்கோங்க.”

எல்லாரும் சிரித்தார்கள். நான் ஏன் வந்தேன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

மல்லேஸ்வரத்தில் எங்களுக்கு மேல்வீட்டுக்காரர் தினமும் காலையில் பால்கனி விளிம்பில் புறாக்களுக்குச் சோளம் போடுவார். நேர் கீழே எங்கள் பால்கனி. என் மனைவி துணி உலர்த்தும் இடம் அது. அவள் ஒருமுறை மாடியேறிப் போய்க் கேட்டாள்: “கதவத் தெறக்க முடியல சார். கொஞ்சம் நிறுத்துங்களேன்.”

“வாயில்லா ஜீவன்மா. போடலன்னா பாவம்.”

இரண்டே ஆண்டுகளில் அவளுடைய நுரையீரல் இறுகிப்போனது. நெடுநாள் புறா எச்சத்தின் தூசியைச் சுவாசித்ததே காரணம் என்றார் மருத்துவர். துக்கம் கேட்க வந்த மேல்வீட்டுக்காரரிடம் அதை நானே சொன்னேன். “எல்லாம் விதி சார்” என்றார். மறுநாள் காலையும் சோளம் சிதறும் ஓசை கேட்டது.

பயிற்சியில் புறாவைக் கொல்லக் கற்றுத் தரவில்லை. தீனியை நிறுத்தி, எச்சத்தை அகற்றி, வலை கட்ட வேண்டும்; அவ்வளவுதான். ஒன்றை மட்டும் பயிற்றுநர் திரும்பத் திரும்பச் சொன்னார்: “காஞ்ச எச்சத்தப் பெருக்கவே கூடாது. மொதல்ல தண்ணி அடிங்க. மாஸ்க் போடுங்க. வீட்டுக்காரங்கள உள்ள அனுப்பிடுங்க.”

செய்முறைத் தேர்வுக்கு எங்கள் கட்டடத்தையே கேட்டு வாங்கினேன். என் ஆய்வறிக்கையில் மேல்வீட்டின் எண் மூன்று இடங்களில் வந்தது. குடியிருப்போர் சங்கம் தீனியைத் தடை செய்து, வலை கட்ட உத்தரவிட்டது. வலையோடு மேல்வீட்டுப் பால்கனிக்கு நான் போனேன்.

“நீங்க ஏன் சார் சிரமப்படறீங்க? வலைய மட்டும் கட்டுங்க. இந்த எச்சத்த நானே தள்ளிடறேன்” என்று அவர் துடைப்பத்தை எடுத்தார்.

ஏசி இயந்திரத்தின் பின்னால் எச்சம் சாம்பல் நிறத்தில் காய்ந்து படிந்திருந்தது. என் முகத்தில் மாஸ்க் இருந்தது. பையில் இன்னொன்று இருந்தது. தெளிப்பான் நிறையத் தண்ணீர் காலடியில் இருந்தது. முதல் வீச்சிலேயே வெயிலில் தூசி எழும்பியது. நான் வாய் திறக்கவில்லை. கொக்கிகளைத் திருகிக்கொண்டிருந்தேன்.

“அப்பப்பா, எவ்ளோ தூசி!” என்று தும்மிச் சிரித்தார். அவள் போன பிறகு எனக்குக் கிடைத்த முதல் மகிழ்ச்சி அது. இதை மறைக்க எனக்கு விருப்பமில்லை.

அப்போது அவர் மனைவி காபி டம்ளர்களோடு பால்கனிக்கு வந்தார். “இத்தனையும் நம்ம புறாவா போட்டது?” என்று குனிந்து பார்த்தார். தூசி அவர் முகத்தை நோக்கி நகர்ந்தது.

“உள்ள போங்கம்மா” என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. பையிலிருந்த மாஸ்க்கை அந்த அம்மாவிடம் கொடுத்தேன். பிறகு தெளிப்பானை எடுத்து அனைத்தையும் நனைத்தேன்.

மேல்வீட்டுக்காரர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: “எனக்கு ஒண்ணு இல்லயா சார்?”

“ஒண்ணுதான் இருந்தது.”

அது உண்மை. என்னுடையதை நான் கழற்றவில்லை. மீதி வலையை இறுக்கிக் கட்டினேன்.