கான் மூடிகள்

துறைமுகத்துக்குப் போகும் வீதியில் எனக்கு ஒரு தேநீர்க் கடை. வீதி வேலைகளைப் பார்க்கும் பொறியியலாளர் ஒருவர் அங்கே வருவார். மடிப்புக் குலையாத சட்டை, வெயிலில் கறுத்த கழுத்து. கடைகளுக்கு முன்னால் கழிவுநீர் ஓடும் கானைக் கொங்கிறீட் மூடிகளால் மூடியிருக்கிறார்கள். சனம் நடப்பது அதன்மேல்தான். அவர் மட்டும் அதில் கால் வைக்கமாட்டார். சீனன்குடா பஸ் உரசிக்கொண்டு போனாலும் தார் வீதியில்தான் நடப்பார். என் கடைக்குள் ஒரே எட்டில் தாண்டி வருவார்.

ஒருநாள் கேட்டேன். "மூடியில ஏன் சேர் கால் வைக்கிறேல்ல?"

"நாங்கள் வார்த்ததுதானே," என்றார். "ஒருநாள் தண்ணி கொண்டுவாற பவுசர் வரேல்ல. வேலை நிக்கக்கூடாதெண்டு கடல் தண்ணியில குழைச்சுப்போட்டம். வெளியில ஒண்டும் தெரியாது. உள்ளுக்க உப்புக்குக் கம்பி கறள் பிடிச்சு இத்துக்கொண்டிருக்கும்."

"எந்த மூடியள் சேர்?"

வீதியை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பார்த்தார்.

"அதுதான் தெரியேல்ல. எல்லாத்தையும் கலந்து போட்டாச்சு."

தேநீரைக் குடித்து முடித்தார். வாசலில் நின்று, எட்டித் தாண்டி, வீதியால் போய்விட்டார்.

அவருக்காவது தாண்டத் தெரியும். அப்போதுதான் பள்ளிக்கூடம் விட்டிருந்தது. பிள்ளைகள் மூடிக்கு மூடி குதித்துக்கொண்டு வந்தார்கள்.