தண்ணீர் தெளிக்காத விதை

சுதந்திரம் வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. வண்ணாரப்பேட்டையில் எங்கள் விதைக்கடைத் தராசுத் தட்டில் ஒரு கொத்து வேர்க்கடலை நாற்றைக் கொண்டுவந்து போட்டாள் வள்ளூரில் பயிர் வைக்கிற ஒருத்தி. எல்லாம் தண்டின் கழுத்தில் கறுப்பாகப் பொடி பூத்து ஒடிந்து கிடந்தன.

"உன் கடை வெதைதான். பாதி மொளைக்கவே இல்ல, மொளைச்சது இப்டி அழுவிப் போச்சு. அடுத்த வருசமும் போச்சுன்னா நெலத்தச் சவுக்குத்தோப்பு வைக்கிறவன்கிட்ட வுட்டுட்டு நான் கூலிக்குத்தான் போவணும்."

அவள் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். எனக்கு வாய் ஒன்றும் குறைச்சல் இல்லை. நிதானமாகச் சொல்லிவிட்டுப் போனாளே, அதுதான் என்னை உலுக்கிவிட்டது. நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். கணவர் போன பிறகு நானும் கொழுந்தனும்தான் கடையைப் பார்த்துக்கொண்டோம். எங்கள் விதையால் ஒருத்தி நிலம் போகக் கூடாது, அடுத்த ஆடிக்குள் ஒரு வழி பண்ணியே தீருவது என்று அன்றைக்கே முடிவு கட்டினேன்.

சர்க்கார் விவசாய டிப்போவில் விசாரித்தேன். அது பூசணம், மண்ணிலும் இருக்கும், விதையோடும் ஒட்டிக்கொண்டு போகும், ஈரம் பட்ட பருப்பென்றால் அதற்குக் கொண்டாட்டம் என்றார்கள். ஈரம் என்றதும் எனக்குச் சுருக்கென்றது. கடலையை உடைக்குமுன் காயின்மேல் தண்ணீர் தெளித்து ஊற வைப்பது எங்கள் வியாபாரத்தில் வழக்கம். ஓடு இளகும், பருப்பு உடையாது. செக்குக்குப் போகிற கடலைக்குச் செய்வதை விதைக்கடலைக்கும் செய்து, கடல்காற்று வீசுகிற கிடங்கில் மூட்டை கட்டி அடுக்கியிருந்தோம். பூசணத்துக்கு இதைவிட என்ன விருந்து வேண்டும்?

இனி விதைக்கடலைக்குத் தண்ணீர் கிடையாது என்றேன். கொழுந்தன் சிரித்தான்.

"மதினி, ஊரெல்லாம் தண்ணி தெளிச்சுத்தான் உடைக்காவ. நமக்கு மட்டும் என்ன வந்துச்சு?"

கடலை உடைக்கத் திருவொற்றியூரிலிருந்து வரும் பெண்களில் ஒருத்தி கையை நீட்டிக் காட்டினாள்.

"இன்னாம்மா, காஞ்ச காய உரிச்சா நகம் பேந்துடும். அப்பால சோறு எப்டித் துன்றது?"

நானும் உட்கார்ந்து உரித்துப் பார்த்தேன். அவள் சொன்னது நிஜம். மாலைக்குள் கட்டைவிரல் வீங்கிவிட்டது. சரி, உரித்துத்தான் விற்க வேண்டுமென்று யார் சொன்னது? வெயிலில் நன்றாகக் காய வைத்துக் காயாகவே விற்போம், விதைக்குமுன் அவரவர் உரித்துக்கொள்ளட்டும் என்றேன். காய் மூட்டை இடத்தை அடைக்கும் என்று கொழுந்தன் முணுமுணுத்தான். அடைக்கட்டும் என்றேன்.

ஒரு பிடியை உரித்து ஈரச்சாக்கில் சுருட்டி வைத்துப் பார்த்தேன். ஒன்றிரண்டு தவிர எல்லாம் முளைவிட்டன. ஆனால் ஆடி நெருங்கியும் வள்ளூர்க்காரி வரவில்லை. ரயிலிலும் மாட்டுவண்டியிலுமாக மூட்டையை நானே கொண்டுபோனேன்.

"இன்னாத்துக்கு வந்த? மறுபடியும் உன் கடை வெதையா?" என்றாள்.

அவள் வாசலில் உட்கார்ந்து உரிக்க ஆரம்பித்தேன். கொஞ்ச நேரம் முறைத்துவிட்டு அவளும் உட்கார்ந்தாள். தோல் கிழிந்தது, சுருங்கியது, கறை படிந்தது எல்லாவற்றையும் பொறுக்கி அடுப்பில் போட்டோம். மூக்கில் துணி கட்டிக்கொண்டு, டிப்போவில் வாங்கிய, பூசணத்தைக் கொல்லும் பாதரச மருந்துத் தூளோடு நல்ல பருப்பை டின்னில் மூடி உருட்டினோம். விதைக்கிற பெண்கள் நாலு கடலையை வாயில் போடாமல் விதைக்க மாட்டார்கள். இது விஷம் என்று விதைக்க வந்த ஒவ்வொருத்தியிடமும் நேருக்கு நேர் சொன்னேன். அவர்கள் தின்பதற்கென்று வறுத்த கடலை தனியாகக் கொண்டுபோயிருந்தேன். கடலை அழுகிய நிலத்தை விட்டு, முன்பு கேழ்வரகு போட்டிருந்த நிலத்தில் விதைக்க வைத்தேன். அவள் அரைமனதோடுதான் சம்மதித்தாள்.

மழைக்குப் பிறகு மறுபடியும் போனேன். அங்கங்கே முளைக்காமல் சொட்டை இருந்தது. மற்றபடி வரிசை வரிசையாகப் பச்சை நின்றது. அவள் களைக்கொத்தோடு நிமிர்ந்தாள்.

"சவுக்குக்காரன் வந்தான். வேற எடம் பாத்துக்கன்னு சொல்ட்டேன்" என்றுவிட்டுக் குனிந்து களை கொத்த ஆரம்பித்தாள்.