பிறந்தநாள் வீட்டுப் புகை

மாடுகளுக்கு ஊசி போட்டுச் சினையாக்குவது என் வேலை. தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து, படித்து, பயிற்சி முடித்து நான் இந்த வேலையில் சேர்ந்தபோது என் பெரியம்மா ஒரு மாதம் என் கையால் தேத்தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லை. இடது கையைத் தோள் வரைக்கும் மாட்டின் பின்புறம் விட்டுக் கருப்பையின் வாயைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் கம்பியைச் செலுத்தும் வேலை என்று யாரோ அவருக்கு விளக்கியிருக்கிறார்கள். எனக்கு அது ஒருநாளும் அருவருப்பாக இருந்ததில்லை. மாட்டின் உள் சூடு இந்த ஊர்க் குளிருக்கு ஒரு சுகம்கூட. அருவருப்பு என்றால் என்னவென்று நான் தெரிந்துகொண்டது எங்கள் அதிகாரி வீட்டுப் பிறந்தநாளில்.

அலுவலகம் ஹற்றனிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஒரு சின்ன ஊரில் இருந்தது. ஊரின் பெயர் வேண்டாம். இரண்டு அறை, ஒரு ஸ்டோர், பின்னால் அதிகாரியின் குவார்ட்டர்ஸ். ஸ்டோரில் பால் கேன் மாதிரி, கழுத்து ஒடுங்கிய ஓர் அலுமினியக் கேன் நின்றது. அதற்கு உள்ளும் புறமுமாக இரண்டு சுவர். நடுவில் காற்றுகூடக் கிடையாது. உள்ளே திரவ நைதரசன், மைனஸ் நூற்றுத் தொண்ணூற்றாறு பாகை. அதற்குள் மூழ்கியபடி, பேனா ரீஃபில் அளவுக் குழல்களில் காளைகளின் விந்து. காளை செத்துப் பத்து வருடம் ஆனாலும் குழலுக்குள் இருப்பது உயிரோடிருக்கும். இதை யோசித்துக் கண்டுபிடித்தவர்கள் யாரோ, அவர்கள்மேல் எனக்கு இன்றைக்கும் பெரிய மரியாதை உண்டு. அவர்கள் நம்மிடம் கேட்பது ஒன்றுதான்: திரவம் வற்றாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு தடவை சூடேறிவிட்டால் மறுபடி குளிர வைத்துப் பிரயோசனம் இல்லை. அதனால் தினமும் காலையில் கேனுக்குள் ஒரு மரக்கோலை விட்டெடுத்து, வெள்ளையாகப் பனி எது வரைக்கும் பிடிக்கிறது என்று பார்த்துக் குறித்துவைப்பேன்.

அதிகாரி பசாரில் கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளை. நன்றாகப் பேசுவார். தோட்டத்து ஆட்களைப் பார்த்தால் அவருடைய குரல் மட்டும் கொஞ்சம் உயர்ந்துவிடும். அவருடைய மகளின் பிறந்தநாளுக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார். பௌர்ணமிப் போயா விடுமுறை, பின்னேரம் நான்கு மணி. ஒரு பொம்மை வாங்கிக்கொண்டு போனேன்.

முற்றத்தில் மேசை போட்டிருந்தார்கள். ஒரு பெரிய கண்ணாடிப் பாத்திரத்தில் சிவப்பு ஜூஸ். அதிலிருந்து வெள்ளைப் புகை வழிந்து மேசை விரிப்பில் இறங்கிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் கத்திக்கொண்டு புகைக்குள் கையை விட்டார்கள். கொழும்பில் ஹோட்டல் வேலை செய்யும் அதிகாரியின் மச்சான் சொல்லிக்கொடுத்த வித்தையாம். அதிகாரியின் மனைவி போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். மேசைக்குக் கீழே எங்கள் கேன் நின்றது. சிவப்புப் பெயின்டில் அலுவலக இலக்கம் போட்ட கேன். மூடி புல்லில் கிடந்தது.

அந்தக் கேனின் அடியில் உடைந்த குழல்கள் எப்போதும் இரண்டு மூன்று கிடக்கும். அந்தத் திரவத்தைத்தான் ஊற்றிப் பிள்ளைகளுக்குக் குடிக்கக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு அம்மா எனக்கும் ஒரு கிளாஸ் நீட்டினார். வாங்காமல் அதிகாரியிடம் போனேன்.

"சேர், இதுக்குள்ள இருந்ததெல்லாம் எங்க?" என்று கேட்டேன்.

"பயப்படாதீங்க மிஸ், பத்திரமா இருக்கு. ஃபிரிட்ஜுல வச்சிருக்கு" என்றார்.

குசினிக்குப் போய் ஃப்ரீசரைத் திறந்தேன். ஒரு ஐஸ்கிரீம் டப்பாவுக்குள் குழல்களை அள்ளிப் போட்டிருந்தார்கள். ஒரு பக்கம் மீன் பை, மறுபக்கம் கோழி இறைச்சி. மீன் தண்ணீர் டப்பாவுக்குள் கசிந்து, குழல்களெல்லாம் ஒட்டிக்கொண்டு கிடந்தன. வீட்டு ஃப்ரீசரின் குளிர் மைனஸ் பதினெட்டு. நமக்கு அது ஐஸ். அந்த விந்துக்கு அது சுடுகாடு.

பின்னால் வந்து நின்ற மச்சான், "காளைச் சாமானா இது? ஜூஸ் குடிச்ச யாருக்கும் சொல்லிறாதீங்க" என்று சொல்லிச் சிரித்தார். அதிகாரியும் சிரித்தார். நான் பொம்மையைக் கதிரைமேல் வைத்துவிட்டு, கேக் வெட்டும் முன்பே வந்துவிட்டேன்.

மறுநாள் இரண்டு குழலை இளஞ்சூட்டுத் தண்ணீரில் போட்டு உருக்கி, மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். நல்ல குழலென்றால் மழைக்கு முன்னால் ஈசல் பறக்கிற மாதிரி இருக்கும். இதில் ஒன்றும் அசையவில்லை. வேறு மூன்று குழல்களையும் பார்த்தேன். அவையும் அப்படியே. அதிகாரியிடம் போய்ச் சொன்னேன்.

"நைட்ரஜன் வியாழக்கிழமை வருது. உள்ள போட்டு நிரப்பிருங்க" என்றார்.

"எல்லாம் செத்துப்போச்சு சேர்."

"புதுசு வர ரெண்டு மாசம் ஆகும். அதுவரைக்கும் ஊசி போடலன்னா மேல இருந்து கேள்வி வரும். ரெண்டு பேருக்கும்தான் வரும். மாடுன்னா சில நேரம் சினை நிக்கும், சில நேரம் நிக்காது. ஜனங்களுக்கு அது பழக்கம். போய்ப் போடுங்க."

நான் போட்டேன். இதை எழுதத்தான் இத்தனை நாள் யோசித்தேன். வேலை நிரந்தரமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை என்பது எனக்கு அப்போது ஒரு காரணமாகப் பட்டது. நாலு மாடுகளுக்குப் போட்டேன். மூன்று வீட்டிலும் ஏதோ பேச்சுக் கொடுத்துச் சமாளித்தேன். நாலாவது, பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் அக்காவின் மாடு.

புருஷன் இல்லாத மனுஷி. லயத்தின் கடைசியில், தொங்கல் காம்பராவுக்குப் பின்னால் தகரம் போட்டு ஒரு பட்டி கட்டியிருந்தார். கறுப்பு வெள்ளை மாடு, பார்க்க அழகாக இருக்கும். ஏற்கெனவே இரண்டு தடவை சினை நிற்கவில்லை. அந்த இரண்டு தடவையும் நல்ல குழல்தான். மாடு பருவத்துக்கு வந்து கத்துகிறது என்று அவர் போன் பண்ண, நான் ஸ்கூட்டரில் போனேன்.

"இந்த வாட்டியாவது நிக்குமா மிஸ்?" என்று கேட்டார். "இல்லாட்டி குடுத்திர வேண்டியதுதான். சும்மா நிக்கிற மாட்டுக்கு எங்க போய்ப் புல்லு அறுக்க?"

"பார்ப்போம்க்கா" என்றேன்.

மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அதோடு ஏதோ பேசிக்கொண்டே நின்றார். நான் கையை விட்டுச் செய்ய வேண்டியதையெல்லாம் முறை தவறாமல் செய்தேன். முடிந்ததும் கேட்காமலே சுடுதண்ணீரும் புது சவர்க்காரமும் கொண்டுவந்து வைத்தார். கழுவும்போது கையில் மீன் வாடை அடிப்பதுபோல இருந்தது. கையுறை போட்டுத்தான் வேலை செய்தேன்; வாடை வர வழியே இல்லை. ஆனாலும் அடித்தது. அவர் தந்த தேத்தண்ணீரைக் குடிக்க முடியாமல், அவசரம் என்று சொல்லிக் கிளம்பினேன்.

சினை நிற்காத மாடு மூன்று வாரத்தில் மறுபடி கத்தும். மூன்று வாரம் கழிந்தும் அவர் போன் பண்ணவில்லை. சினை பிடித்துவிட்டதோ என்று ஒரு கணம் நினைத்தேன். அப்படி நினைத்த என்மேலேயே அருவருப்பு வந்தது. அடுத்த சனிக்கிழமை நேரில் போனேன். பட்டி காலியாக இருந்தது. கயிறு மட்டும் கம்பத்தில் சுற்றியிருந்தது.

"மறுபடி கத்துச்சு மிஸ். மாடு வாங்குற லொறிக்காரன் வந்தான், குடுத்துட்டேன். பண்ணைக்குத்தான் கொண்டு போறேன்னு சொன்னான்." பிறகு, "எந்தப் பண்ணைக்குன்னு நான் கேக்கல" என்றார்.

அவருடைய வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கேன், ஜூஸ், மீன் பை, மைக்ரோஸ்கோப். நான் முடித்த பிறகு கேட்டார்.

"தெரிஞ்சேதான் போட்டீங்களா?"

"ஆமாக்கா."

"அன்னைக்கு நான் சுடுதண்ணி வச்சுக் குடுத்தேனே மிஸ்."

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"வேற யாரு மாட்டுக்கெல்லாம் போட்டீங்களோ, அவங்ககிட்டயும் போயி சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

மற்ற மூன்று வீட்டுக்கும் அன்றைக்கே போனேன். ஒரு வீட்டில் அழுதார்கள். ஒரு வீட்டில் நாயை அவிழ்த்துவிடுவோம் என்றார்கள். கடைசி வீட்டில் ஒரு தாத்தா, "மாட்டுக்கே இப்பிடின்னா மனுசனுக்கு என்னென்ன போடுறாங்களோ" என்று சொல்லிவிட்டுப் பீடியைப் பற்றவைத்தார்.

தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் முறைப்பாடு எழுதினார். நாலு வீட்டாரும் கையெழுத்து வைத்தார்கள். விசாரணைக்கு வந்தவர்களிடம் அதிகாரி, மூடியைச் சரியாகப் போடாமல் விட்டது மிஸ்தான் என்றார். அவருக்கு எதிராக நின்றது அவருடைய மனைவி ஃபேஸ்புக்கில் போட்ட படம். புகை வழியும் ஜூஸ், சுற்றிலும் சிரிக்கும் பிள்ளைகள், மேசைக்குக் கீழே சிவப்பு இலக்கம் தெளிவாகத் தெரியும் கேன். படத்துக்குக் கீழே நிறையப் பேர் இதயம் போட்டிருந்தார்கள்.

அவரை வேறு மாவட்டத்துக்கு மாற்றினார்கள். அங்கேயும் அதே பதவிதான். போவதற்கு முன் அலுவலகத்தில் பிரியாவிடை வைத்து மாலை போட்டார்கள். நான் போகவில்லை. செத்த குழல் என்று தெரிந்தே போட்டதற்கு எனக்கும் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அதில் பிழை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. கையெழுத்து வைத்துக் கொடுத்தேன்.

புதுக் குழல்கள் வந்தபோது, அலுவலக மேசை லாச்சியிலிருந்த ஸ்டோர் சாவியைக் கேட்டு வாங்கி என் வளையத்தில் மாட்டிக்கொண்டேன். வேலையை விடவில்லை. விட்டால் அந்த மாடு திரும்பி வரும் என்றால் விட்டிருப்பேன்.

போன மாதம் பொகவந்தலாவை வீதியில் அந்த அக்காவைப் பார்த்தேன். ஒரு கிடேரியைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு தோட்டத்தின் கீழ் டிவிஷன் பக்கம் நடந்துகொண்டிருந்தார். அங்கே ஒருவர் காளை வைத்திருக்கிறார். வளைவில் என் ஸ்கூட்டரைக் கண்டதும் கிடேரியை ஓரமாக இழுத்து நிறுத்தினார்.

"போங்க மிஸ், பஸ் வருது" என்றார்.

நான் போனேன்.