கங்கா அத்தைக்குப் போட்ட தரை

தேவதாஸ் மாமா காலமெல்லாம் அடுத்தவர் வீட்டுக்குப் பலகைத் தரை போட்டவர். கோலாலம்பூர் கொண்டோ அடுக்குமாடிகளில் அவர் ஆணி அறைந்த பலகைகள்மேல் யார் யாரோ நடக்கிறார்கள். புக்கிட் ரோத்தானில் எங்கள் வீட்டை ஒட்டிய அவர் வீட்டில் மட்டும் வெறும் சிமெண்டு. கழுவுவதற்கு அதுதான் லேசு என்பார் அவர் மனைவி கங்கா அத்தை.

அத்தை ரப்பர் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்தவர். வெள்ளிக்கிழமை விடிந்ததும் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, துடைப்பத்தால் தள்ளி வாசலோரச் சாக்கடைக் கானில் விட்ட பிறகுதான் சாமி விளக்கு ஏற்றுவார். பக்கவாதம் வந்து இடது கால் இழுத்துக்கொண்ட பிறகும் அதை விடவில்லை. அப்படி ஒரு வெள்ளிக்கிழமைதான் ஈரத்தில் வழுக்கி விழுந்தார். அடிபட்ட இடுப்பு தேறி வந்த பின்னும் கட்டிலைவிட்டு இறங்கப் பயம். சிமெண்டில் கால் பட்டதும் மறுபடி கட்டிலில் ஏற்றிக்கொள்வார்.

"பலகை போட்டுர்றேன். காலுக்குப் பிடிமானமா இருக்கும். நீ தனியா நடக்கலாம்" என்றார் மாமா.

"யாரு, நீங்களா? ஒரு பல்பு மாத்தவே உங்களுக்குத் தீபாவளி வரணும்!"

மாமா சிரித்துக்கொண்டே ஒரு பிளாஸ்டிக் தாளைத் தரையில் விரித்து நான்கு ஓரமும் டேப் ஒட்டினார். மறுநாள் அதன் அடியில் முத்து முத்தாக நீர்.

"பாத்தியா, இன்னும் வேர்க்குது. ஈரத்து மேல போட்டா பலகை தூக்கிடும் லா. கொஞ்ச காலம் கழுவாத."

"கழுவாத வீட்டுல எப்படிங்க விளக்கேத்துறது?"

"எனக்காக, கங்கா."

அத்தை அதற்கும் ஒத்துக்கொண்டார். என் அம்மா காளியம்மா வெள்ளிக்கிழமைகளில் போய், பிழிந்த துணியால் துடைத்துக் கொடுத்தார். அத்தை அம்மாவின் தோளைப் பிடித்து நின்று, தரையைப் பார்க்காமல் விளக்கேற்றுவார்.

மெர்பாவ் மரப் பலகைகள் வந்து கூடத்தில் அடுக்கிக் கிடந்தன. வீட்டுக் காற்றுக்குப் பழகட்டும் என்று மாமா அவசரப்படவில்லை. "இதுங்களுக்கும் சோறு போடணுமா?" என்று அத்தை கட்டிலிலிருந்து கேட்பார். பிளாஸ்டிக் தாளின் அடியில் நீர் கோப்பது நின்றபின்தான் மாமா வேலையில் இறங்கினார். சிமெண்டின்மேல் பிளாஸ்டிக் விரிப்பு, அதன்மேல் பிளைவுட், அதன்மேல் பலகை. மழைக்காலத்தில் பலகை உப்ப இடம் வேண்டுமென்று சுவரோரம் விரலளவு விட்டிருந்தார்.

ஒரு நாள் காலை, அவர்கள் வீட்டு வாசலிலிருந்து அத்தையின் சத்தம்.

"காளிக்கா! இங்க வந்து பாருங்க!"

அத்தை பலகைமேல் யாரையும் பிடிக்காமல் நின்றுகொண்டிருந்தார். பின்னால் மாமா, பிடிக்கத் தயாராக இரண்டு கைகளையும் நீட்டியபடி.

சில மாதங்கள் அப்படி நடந்தார். பிறகு இரண்டாவது தடவை பக்கவாதம் வந்தது. இந்த முறை அத்தை மருத்துவமனையிலிருந்து உயிரோடு திரும்பவில்லை.

அந்தப் பலகைத் தரையில்தான் கிடத்தியிருந்தோம். ஆண்கள் நாங்கள் சுடுகாட்டுக்குப் போனோம். திரும்பி வந்து வாசலில் கால் கழுவி நிமிர்ந்த மாமா அப்படியே நின்றார். கூடத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதைச் சுற்றித் தரை முழுவதும் ஈரம். கானில் தேத்தண்ணி நிறத்தில் மரச்சாயம் ஓடியது. சடலம் போனதும் வீடு கழுவுவது வழக்கம். பெண்கள் வாளி வாளியாக ஊற்றியிருந்தார்கள். முதல் வாளியை ஊற்றியது என் அம்மா.

மாமாவின் முகத்தைப் பார்த்ததும்தான் அம்மாவுக்கு உறைத்தது.

"தம்பி… தரைய மறந்துட்டேனேப்பா. அழுதுக்கிட்டே ஊத்திட்டேன்."

"கழுவித்தான்க்கா ஆவணும். நீங்க என்ன பண்ணுவீங்க" என்றார் மாமா. விளக்கைப் பார்க்க உள்ளே போனவர், பழக்கத்தில் சுவரோர இடைவெளியைக் குனிந்து பார்த்தார். அதில் விளிம்புவரை தண்ணீர் நின்றது.

கருமாதிக்குள் பலகைகள் வளைந்து எழும்பிவிட்டன. அத்தையின் அறைக்கதவு பாதிவரைதான் திறந்தது. காய வைத்து மறுபடி போடலாமே என்று மாமாவிடம் கேட்டேன்.

"யாரு நடக்க?" என்றார்.

பிறகு பலகை, பிளைவுட் என்று ஒவ்வொன்றாகப் பெயர்த்துக் கொல்லையில் அடுக்கினார். கூடத்தில் மறுபடி வெறும் சிமெண்டு. அடுத்த வெள்ளிக்கிழமை காலை அவர் வீட்டில் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. அம்மா துடைப்பத்தை எடுத்துக்கொண்டு ஓடினார்.

"குடு தம்பி, நான் கழுவுறேன்."

மாமா வாளியை விடவில்லை.

"வேணாம்க்கா. இத்தன மாசமா நான்தானே அவளக் கழுவ விடல."