சுருக்கம் விடாத விமானம்

காலை ஆறு மணி பத்து நிமிடம். மாமாவின் வீட்டுக்குள் நான் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டவை, ஜன்னல் ஓரம் இருந்த இரண்டு வெள்ளைப் பீங்கான் விமானங்கள். ஒன்று சீ ஹாக், மற்றொன்று அலிசே. எழுபத்தொன்றாம் ஆண்டுப் போரில் நம் கடற்படைக் கப்பலின் மேல்தளத்திலிருந்து பறந்தவற்றின் மாதிரிகள். மூக்கு முதல் வால்வரை இரண்டும் ஒரே நீளம். அசலில் அலிசேதான் நீளம்.

மாமா விருத்தாசலத்தில் பீங்கான் கம்பெனி ஒன்றில் அச்சு செய்தவர். கடலை இரண்டு முறைதான் பார்த்திருக்கிறார். போர்க்காலத்துப் பேப்பர் படங்களை வெட்டி வைத்து, சீ ஹாக் கட்சியில் சேர்ந்தவர். எதிர்க்கட்சி, மாதா கோயில் தெரு நேவிக்காரர். அந்தக் கப்பலிலேயே அலிசேக்களுக்கு மெக்கானிக்காக இருந்தவர். ஞாயிறு பூசை முடிந்து அவர் ஜங்ஷன் டீக்கடைக்கு வந்ததும் வழக்கு தொடங்கும். சீ ஹாக் ஜெட், ஒற்றை ஆள் போய்த் துறைமுகத்தில் குண்டு போட்டுத் திரும்பியது என்பார் மாமா. முன்னால் விசிறி சுழல மெதுவாகப் போகும் அலிசேக்கு அவர் வைத்த பெயர் டேபிள் ஃபேன். "மெதுவா போனாதான்யா தேட முடியும். நீர்மூழ்கி என்னா பஸ்ஸு ஸ்டாண்டுலயா நிக்குது?" என்பார் நேவிக்காரர். நான் பத்திரிகையில் இருந்ததால் என்னிடம் தீர்ப்புக் கேட்பார்கள். நான் சொன்னதில்லை.

ஏழு ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிறு, மாமா இரண்டையும் பீங்கானில் செய்து கடைக்குக் கொண்டுவந்தார். சூளையில் மண் எட்டில் ஒரு பங்கு சுருங்கும். அதற்காக அச்சை முன்கூட்டியே பெரிதாகச் செய்வதற்குச் சுருக்கம் விடுவது என்று பெயர். சீ ஹாக்குக்கு விட்டிருந்தார், அலிசேக்கு விடவில்லை. நேவிக்காரர் கடைக்காரரிடம் ஸ்கேல் வாங்கி இரண்டையும் அளந்தார். அலிசே சீ ஹாக் அளவுக்குச் சிறுத்திருந்தது.

"சுருக்கம் வுட மறந்துட்டேன்யா," என்றார் மாமா.

"நாப்பது வருசமா அச்சு போடுறவன், எம் பிளேனுக்கு மட்டும் மறந்துட்டியா? கேலி பண்ணணும்னா வாயால பண்ணு. அதுக்கு அடியில படுத்து வேல பாத்தவன்யா நானு."

டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனவர் பத்து மாதம் வரவில்லை. மாமா மட்டும் ஞாயிறுதோறும் அதே பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு டீ சொன்னார்.

பிறகு கம்பெனியில், மாமாவின் அச்சில் வார்த்த கப்புகள் ஒரு சூளை முழுவதும் சிறுத்து வெளிவந்தன. சாசரில் வைத்தால் ஆடின. அடுத்த சூளையும் அப்படியே. மாமாவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். இதைக் கேள்விப்பட்ட அன்றே நேவிக்காரர் வீட்டுக்கு வந்து, வாசலில் நின்றபடி அத்தையிடம் கேட்டார்: "அப்ப நெசமாவே மறந்துதான் போச்சாங்க?"

"வூட்டுக்கு வர வழியே ரெண்டு தபா தப்பிட்டாருங்க," என்றார் அத்தை.

இன்று காலை நான் போனபோதும் நேவிக்காரர் மாமாவின் எதிரில் உட்கார்ந்திருந்தார். மாமாவுக்கு அவர் யாரென்று தெரியவில்லை. விமானங்களின் பெயரும் தெரியவில்லை. நேவிக்காரர் சீ ஹாக்கை எடுத்து அவர் கையில் வைத்தார்.

"ஜெட்டுயா இது. ஒத்த ஆளு ஓட்டுறது. டேபிள் ஃபேனு இதுகிட்ட நிக்குமா, சொல்லு."

அவர் தினமும் ஆறு மணிக்கு வருகிறார். சீ ஹாக் கட்சியையும் இப்போது அவர்தான் பேசுகிறார்.