தொட்டாச்சிணுங்கிக்குக் காவல்

அந்த அறிவியல் கண்காட்சியை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கொட்டாவிதான் வருகிறது. அப்போது ஆறாம் வகுப்பு. மற்ற பிள்ளைகள் தெர்மாகோலில் எரிமலை, காற்றாலை என்று அமர்க்களப்படுத்த, நான் பொழிச்சலூரில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் காலி மனையிலிருந்து ஒரு தொட்டாச்சிணுங்கியைப் பெயர்த்து டால்டா டப்பாவில் நட்டு வைத்திருந்தேன். தலைக்கு மேல் விமானம் இரைந்துகொண்டு போனால்கூட அசையாது; விரல் பட்டால் போதும், இலையெல்லாம் கைகூப்பிக்கொள்ளும். இலையடியில் இருக்கும் சின்னப் புடைப்பிலிருந்து தண்ணீர் வெளியேறுவதால் மூடுகிறது, கால் மணி நேரம் விட்டால் தானாக விரியும் என்று வீடே காது புளிக்க ஒப்பித்துக்கொண்டிருந்தேன். நடுவர் தொடும்போது அது மூடவேண்டும். என் மானமே அதில்தான் இருந்தது.

அம்மா தாம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் ஆயா. நைட் டூட்டி முடிந்து வந்தவள், முகத்தை மட்டும் கழுவிக்கொண்டு என்னையும் செடியையும் பள்ளிக்குக் கூட்டிப்போனாள். பஸ்ஸில் நிற்க இடமில்லை. செடிமேல் யாரும் இடித்துவிடக் கூடாதே என்று முந்தானையால் இறுக மூடிக்கொண்டே வந்தாள். பள்ளியில் விலக்கிப் பார்த்தால் அத்தனை இலையும் மூடிக் கிடந்தது. ஆட்டத்திலும் இருட்டிலும்கூட அது மூடிக்கொள்ளும் என்பது எங்கள் இருவருக்குமே தெரியாது.

"சாவடிச்சிட்டியேம்மா!" என்று ஓவென்று அழுதேன்.

நடுவர் வந்தார். "என்னம்மா, வாடிப்போனத எடுத்துட்டு வந்திருக்கே?" என்றார். நான் தேம்பிக்கொண்டிருந்தேன். அம்மாதான் முன்னால் வந்தாள்.

"சாவல சார், அசந்துகீது. மத்தவங்களதப் பாத்துட்டு வாங்க. அதுவரைக்கும் யாரும் தொடாம நான் பாத்துக்கறேன்."

டப்பாவை ஜன்னல் வெயிலில் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றாள். "பேஜார் பண்ணாதீங்கப்பா, கொஞ்ச நேரம் வுடுங்க அத்த" என்று சொல்லும்போதே அவளுக்குக் கண் சொருகும், சுவரில் சாய்வாள். எவனாவது விரலை நீட்டினால் மட்டும் எப்படியோ விழித்துக்கொள்வாள். இலைகள் மெதுவாக விரிந்தன. நடுவர் திரும்பி வந்து தொட்டார். மூடியது! இரண்டாம் பரிசாக ஓர் எவர்சில்வர் கிண்ணம் கிடைத்தது.

திரும்பும் பஸ்ஸில் இடம் கிடைத்து உட்கார்ந்ததும் அம்மா தூங்கிப்போனாள். நான் விடுவேனா? "அம்மா, சார் இன்னா சொன்னாரு, கேட்டியா?" என்று தோளைப் பிடித்து உலுக்கினேன். கண்ணைத் திறந்து "ம்" என்பாள், மூடிக்கொள்வாள். மறுபடி உலுக்குவேன். வீட்டில் பாயில் சரிந்தவளிடம் கிண்ணத்தை நீட்டினேன், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. திருமுடிவாக்கத்துப் பட்டறையில் வேலை முடிந்து வந்து உட்கார்ந்திருந்த அப்பாவிடம் போய், "அம்மாவுக்கு என் பிரைஸ் மேல அக்கறையே இல்லப்பா" என்று மூக்கால் அழுதேன். அப்பா எழுந்துபோய் அவள் படுத்திருந்த அறையின் ஜன்னலைச் சாத்தினார். பின்னாலேயே போன என்னை வெளியே நகர்த்திவிட்டு, சத்தம் வராமல் கதவையும் சாத்தினார்.

அவருக்கு என்மேல் ஏதோ கோபம் என்று நினைத்துக்கொண்டேன்.