கொல்லப்பட்டார் என்று எழுதிய செய்தி

தங்கையின் கணவர் கடலில் இறந்த செய்தியைப் பத்திரிகைக்கு எழுதி அனுப்பியது நான்தான். ஊர்காவற்றுறைப் பக்கத்துச் செய்திகளைப் பல வருடமாக அனுப்பி வருகிறவன் நான். விரித்த வலைக்குக் காவலாக அவர் படகில் இருந்தபோது, தமிழ்நாட்டு இழுவைப்படகு ஒன்று வலையை அறுத்துக்கொண்டு வந்திருக்கிறது. இவரும் கூடப் போனவரும் கூப்பாடு போட்டும் நிற்காமல் அவர்களுடைய சின்னப் படகின் மேல் ஏறியிருக்கிறது. கூடப் போனவர் நீந்தித் தப்பி வந்து சொன்னார். "இழுவைப்படகு மோதி மீனவர் கொல்லப்பட்டார்" என்று எழுதினேன். மறுநாள் "படகு விபத்தில் மீனவர் உயிரிழப்பு" என்று வந்தது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் நாட்டுக் கடற்படைப் படகு இடித்திருந்தால் அதே பத்திரிகை "கொல்லப்பட்டார்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். தொலைபேசியில் கேட்டேன். தமிழ்நாட்டுக்காரரும் எங்கள் சனம்தானே, மனம் நோக எழுதக்கூடாது என்றார்கள். கொழும்புச் சிங்களப் பத்திரிகை ஒன்றோ "தமிழ்நாட்டு ஆக்கிரமிப்பாளர்கள்" என்று முழங்கியது. எங்கள் கடற்கரைப் பக்கம் எட்டியும் பார்க்காதவர்களுக்கு, தமிழனைத் தமிழன் கொன்றான் என்றதும் அக்கறை பொங்கிவிட்டது. அக்கரைத் தமிழ்நாட்டுத் தொலைக்காட்சியில் அது "இருதரப்பு மோதல்". ஓட்டைப் படகில் இருந்த இரண்டு பேர் ஒரு தரப்பாம்.

தேவாலயத்தில் முப்பத்தோராம் நாள் பூசைக்கு நினைவு அட்டை அடிக்க வேண்டியிருந்தது. பேப்பர் போடாததை அதிலாவது போடச் சொன்னாள் தங்கை. எழுதினேன். அச்சுக்குக் கொடுக்குமுன் மீனவர் சங்கத்துக்காரர் வீட்டுக்கு வந்தார்கள். கச்சதீவுத் திருவிழா வருகிறது, அக்கரைக்காரரும் வருவார்கள், பேச்சுவார்த்தை நடக்கப்போகிற நேரம், "காலமானார்" என்று போட்டால் என்ன என்று தன்மையாகத்தான் கேட்டார்கள்.

"கச்சதீவில அவையளோட ஒண்டாயிருந்து பூசை காண்பன்," என்றாள் தங்கை. "ஆனா அவர் தன்பாட்டில செத்தவர் மாதிரிப் போட விடமாட்டன். நடந்ததைப் போட ஏலாதெண்டால் ஒண்டும் போடவேண்டாம்."

படமும், பெயரும், பிறந்த நாளும், இறந்த நாளும் மட்டும் அச்சாயின. யாருக்கும் வளைந்து கொடுக்காமல் நின்றுவிட்டாள் என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

பூசை முடிந்து கோயில் வாசலில் நின்றோம். காரைநகரிலிருந்து வந்திருந்த ஒரு வயதான அம்மா அட்டையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டுத் தங்கையின் கையைப் பிடித்தார்.

"கனநாள் சுகமில்லாமல் இருந்தவரோ, பிள்ளை?"

நான் வாயைத் திறக்குமுன் தங்கை தலையாட்டினாள்.

"ஓம், அம்மா."